தைராய்டு ஆபரேஷனுக்குப் பின் குரல் நாண் அசைவு: யாருக்கு, எப்போது, எதை வைத்துப் பார்ப்பது?

வார்டுபணி_குன்னூர்

தைராய்டு ஆபரேஷன் கேஸ்களுக்கு வார்டு நெறிமுறை ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறோம். இப்போதைய வழக்கம் இதுதான்: மறுநாள் ரவுண்ட்ஸில் பெயர், ஊர் கேட்பது, குரல் தெளிவாக இருந்தால் "குரல் நன்று" என்று கேஸ் ஷீட்டில் எழுதி மூன்றாம் நாள் அனுப்பிவிடுவது, கரகரப்பு இருந்தால் மட்டும் இ.என்.டி.க்குக் காட்டுவது. கையில் இருப்பது வளையும் ஸ்கோப் ஒன்று, லீனியர் ப்ரோப் உள்ள அல்ட்ராசவுண்ட் ஒன்று. நரம்பு மானிட்டர் (நாணை அசைக்கும் நரம்பு ஆபரேஷனில் அடிபடுகிறதா என்று சிக்னலால் காட்டும் கருவி) சில கேஸ்களுக்கு மட்டும் வாடகைக்கு வருகிறது.

எல்லோருக்கும் பார்க்க வேண்டுமா, கரகரத்தவர்களுக்கு மட்டுமா? எந்த நாளில்? அல்ட்ராசவுண்ட் மட்டும் போதுமா? ரிப்போர்ட்டில் என்னென்ன இருக்க வேண்டும்? ஒன்றைக் கணக்கில் வையுங்கள்: கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட் லயன்களிலிருந்து வருகிறவர்கள் அதிகம். இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னால் பாதிப் பேர் வருவதில்லை. தையல் பிரிக்கவாவது வருவார்கள் என்றால், தையல் இல்லாத ஒட்டாக இருந்தால் அதுவும் இல்லை.

காமூதொ_உதகை

முதல் கேள்விக்கு முன்னால் ஒரு கேள்வி உண்டு: ஆபரேஷனுக்கு முன் நாணைப் பார்த்தீர்களா? முன்னால் பார்க்காமல் பின்னால் பார்த்து "வலது அசையவில்லை" என்று எழுதினால், அது கத்தியால் வந்ததா, கட்டியால் வந்ததா, பத்து வருடத்துக்கு முந்தைய வைரஸ் காய்ச்சலால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. நெறிமுறையின் முதல் வரி அதுவாக இருக்கட்டும்.

குரலைக் காதால் கேட்டு முடிவு செய்வது ஏன் கூடாது என்றால், ஒரு நாண் செயலிழந்தாலும் அது நடுக்கோட்டை ஒட்டி நின்றுவிட்டால் மற்ற நாண் கொஞ்சம் தாண்டி வந்து இடைவெளியை மூடிவிடும். பேச்சு சாதாரணமாகவே கேட்கும். ஒரு பக்க நாண் செயலிழந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் குரல் பற்றிய புகாரே இருக்காது. இதற்கு நேர்மாறானதும் நடக்கும்: இரண்டு நாணும் நன்றாக அசையும், ஆனால் மூச்சுக்குழாய் டியூப் உரசிய வீக்கத்தால் குரல் கம்மிக் கிடக்கும், சில நாளில் சரியாகிவிடும். ஆக, காது இரண்டு பக்கமும் தவறும்.

"குரல் நன்றாக இருக்கிறதே, தெரிந்து என்ன ஆகப்போகிறது?" என்று கேட்பவர்களுக்குப் பதில் இரண்டாவது ஆபரேஷன். ஒரு பக்கம் எடுத்து, பயாப்ஸியில் புற்று என்று வந்தால் மறுபக்கமும் எடுக்கப் போகிறீர்கள். முதல் பக்கத்து நாண் ஓசைப்படாமல் நின்றிருந்து, இரண்டாவது பக்கத்து நரம்பும் அடிபட்டால் மூச்சுவழி அடைபடும். கழுத்தில் துளை போடும் நிலை வரும். அந்த ஒரு காரணத்துக்காகவே என் ஓட்டு: எல்லோருக்கும், வீட்டுக்கு அனுப்பும் முன்.

கத்திமுனை

இதற்கு முழுதாகத் தலையாட்ட முடியாது. அமெரிக்க இ.என்.டி. அகாடமியின் 2013 வழிகாட்டி, ஆபரேஷன் முடிந்து 2 வாரத்திலிருந்து 2 மாதத்துக்குள் குரல் மாறியிருக்கிறதா என்று பதிவு செய்யச் சொல்கிறது. மாறியவர்களுக்கு நாண் அசைவைப் பார்க்கச் சொல்கிறது. எல்லோருக்கும் மறுநாளே ஸ்கோப் என்று அது சொல்லவில்லை. முன்பரிசோதனையும் அப்படித்தான்: குரல் ஏற்கெனவே கெட்டிருந்தால், புற்று பின்பக்கமாகத் தைராய்டைத் தாண்டியிருக்கும் சந்தேகம் இருந்தால், கழுத்திலோ மேல் மார்பிலோ முன்பு கத்தி பட்டிருந்தால்.

மறுநாள் பார்ப்பதில் சிக்கல் இருக்கிறது. இழுபட்ட நரம்பு சில வாரம் மந்தமாக இருந்துவிட்டுத் தானாக எழுந்துகொள்ளும். நாண் வீங்கியிருக்கும்போது "அசைவு குறைவு" என்று எழுதுவது எளிது. குரல் நன்றாக இருக்கும் நோயாளியின் கையில் "செயலிழப்பு" என்று ஒரு காகிதம் கொடுத்தால் அவர் தூங்குவாரா? ஆறு வாரம் கழித்துப் பார்த்திருந்தால் அந்தக் காகிதமே பிறந்திருக்காது.

நரம்பு மானிட்டர் போட்ட கேஸில் இன்னொரு வழியும் உண்டு. தைராய்டை எடுத்து முடித்த பிறகு வேகஸ் நரம்பைத் (நாணுக்குப் போகும் கிளை பிரியும் தாய் நரம்பு) தூண்டி, 500 மைக்ரோவோல்ட்டுக்கு மேல் சிக்னல் வந்தால் அந்தப் பக்கத்து நாண் அசையும் என்று பெரும்பாலும் நம்பலாம். நாணை அசைக்கும் அந்தக் கிளையான மீள் குரல்வளை நரம்பை மட்டும் தொட்டுப் பார்த்து நிம்மதி அடையக் கூடாது. அடிபட்ட இடத்துக்கு அப்பால், குரல்வளைப் பக்கம் தொட்டால் அறுந்த நரம்பும் பதில் சொல்லும். வேகஸில் தொட்டால்தான் முழு வழியும் சோதிக்கப்படுகிறது.

மயக்கமருந்து_இரவுப்பணி

மானிட்டர் பற்றிச் சொன்னதால் என் பக்கத்துக் கணக்கு.

சிக்னல் இல்லை என்றதும் நரம்பைக் குற்றம் சொல்லும் முன் மூன்றைப் பாருங்கள். தசைத் தளர்ச்சி மருந்து இன்னும் வேலை செய்கிறதா? மூச்சுக்குழாய் டியூபில் உள்ள, சிக்னலைப் பிடிக்கும் மின்முனை நாணைத் தொடும் உயரத்தில் இருக்கிறதா? கழுத்தை நீட்டிப் படுக்கவைக்கும்போது டியூப் நகரும், சுழலும். கழுத்து நீட்டிய பிறகு ஒருமுறை லாரிங்கோஸ்கோப்பால் (வாய் வழியே நாணைப் பார்க்கும் கருவி) சரிபார்க்காமல் துணி போர்த்தவே கூடாது. மூன்றாவது, கரண்ட் போகிறதா, தரை மின்முனை கழன்றிருக்கிறதா? இதெல்லாம் சரியாக இருந்தால், சர்ஜன் தூண்டும்போதே கிரிகாய்டு (குரல்வளையின் அடியிலுள்ள வளையம்) குருத்தெலும்பின் பின்னால் விரல் வைத்துத் துடிப்பு தெரிகிறதா பார்க்கலாம். விரலுக்குத் துடிப்பு தெரிந்து திரையில் சிக்னல் இல்லை என்றால் கோளாறு கருவியில்.

தொடக்கத்தில் நல்ல சிக்னல் இருந்து, 1 முதல் 2 மில்லியாம்பியர் தூண்டலிலும் 100 மைக்ரோவோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் அதுதான் நிஜமான சிக்னல் இழப்பு. 20 நிமிடம் காத்திருந்தும் திரும்பவில்லை என்றால் மறுபக்கத்தை அன்று தொடாமல் விடுவதுதான் அறிவு. முழுத் தைராய்டையும் எடுப்பதாக நோயாளியிடம் கையெழுத்து வாங்கியிருப்போம். இந்த வாய்ப்பையும் முன்கூட்டியே சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள்.

டியூப் எடுக்கும் நேரத்தில் லாரிங்கோஸ்கோப்பால் எட்டிப் பார்த்து "இரண்டும் அசைகிறது" என்று எழுதும் பழக்கம் பல இடங்களில் உண்டு. மருந்து மயக்கம் தெளியாத நிலையில், வேகமாக மூச்சிழுக்கும்போது காற்றோட்டமே நாணை ஆட்டும். அதை நம்பி நரம்பு அடிபடவில்லை என்று முடிவு செய்ய வேண்டாம். இன்னொரு சின்ன விஷயம், ரிப்போர்ட்டுகளில் குழப்பம் உண்டாக்குவது: தலைமாட்டில் நின்று பார்க்கும் எங்களுக்கு நோயாளியின் வலது நாண் வலப்பக்கம் தெரியும். எதிரே உட்கார்ந்து மூக்கு வழியாகப் பார்க்கும் இ.என்.டி.க்கு அதே நாண் திரையின் இடப்பக்கம் தெரியும். "திரையில் வலது" என்று எழுதாமல் "நோயாளியின் வலது" என்று எழுதுங்கள்.

செவிலி_கூடலூர்

சார், இரவுப் பணியில் நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே. "மூச்சுத் திணறினால் கூப்பிடு" என்று மட்டும் ஆர்டரில் இருக்கிறது. எந்த மாதிரித் திணறல், எவ்வளவு நேரத்துக்குள்?

மயக்கமருந்து_இரவுப்பணி

நல்ல கேள்வி சிஸ்டர். நேரத்தை வைத்துப் பிரித்துப் பாருங்கள்.

டியூப் எடுத்த சில நிமிடத்திலேயே மூச்சை உள்ளே இழுக்கும்போது கீச்சென்ற சத்தம் வந்தால் முதல் சந்தேகம் இரண்டு நாணும் நின்றுபோனது. இதில் ஏமாற்று என்னவென்றால் குரல் ஓரளவு நன்றாகவே இருக்கும், ஏனென்றால் இரண்டு நாணும் நடுவில் நெருங்கித்தான் நிற்கின்றன. "பேசுகிறாரே, அப்புறம் என்ன?" என்று விடக் கூடாது.

முதல் 6 மணி நேரத்தில், சில சமயம் 24 மணி நேரம் வரையிலும், கழுத்து இறுகுகிறது, வீங்குகிறது, நோயாளி படுக்க மறுத்து நிமிர்ந்து உட்காருகிறார் என்றால் உள்ளே ரத்தம் கட்டுகிறது. இதற்கு ஸ்கோப்பும் வேண்டாம், ஸ்கேனும் வேண்டாம். ஆளைக் கூப்பிட்டுக்கொண்டே கட்டைப் பிரித்து, தோல் தையலை வெட்டி, தோலைத் திறந்து, அடியிலுள்ள தசைத் தையலையும் திறந்து, காயத்தில் காஸ் பொதிய வேண்டும். தையல் வெட்டும் கத்தரி, காஸ் உள்ள பெட்டி படுக்கையோரமே இருக்கட்டும். வார்டு பீரோவில் பூட்டி வைத்தால் பயனில்லை. வடிகுழாயில் ரத்தம் வரவில்லை என்பதை வைத்து ஆறுதல் அடைய வேண்டாம், அது அடைத்துக்கொள்ளும்.

ஒன்று முதல் மூன்றாம் நாளுக்குள் விரல் நுனி, உதட்டோரம் மரமரப்பு, கை இழுப்பு, அதோடு மூச்சில் கீச்சு வந்தால் கால்சியம் குறைந்து குரல்வளை இறுகுகிறது. கால்சியம் ஊசிதான் மருந்து.

உதகை 2,240 மீட்டர் உயரம். சமவெளியில் விரல் மானிட்டரில் ஆக்ஸிஜன் 98 காட்டுகிறவர் இங்கே 95, 96 காட்டினாலே இயல்புதான். அதனால் விரல் மானிட்டர் எண்ணைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஆக்ஸிஜன் போட்டிருந்தால் அந்த எண் கடைசி நிமிடம் வரை நன்றாகவே காட்டிவிட்டுப் பிறகுதான் சரியும். மூச்சின் சத்தத்தைக் கேளுங்கள், கழுத்துக் குழி உள்ளிழுபடுகிறதா என்று பாருங்கள்.

நிழற்படம்_கோத்தகிரி

அல்ட்ராசவுண்ட் போதுமா என்ற கேள்விக்கு வருகிறேன். ஹாங்காங் சர்ஜன்கள் 2013-இல் இதைப் பெரிய அளவில் செய்து காட்டிய பிறகு பரவியது. கோவிட் காலத்தில் மூக்கு வழி ஸ்கோப் தும்மலுக்குப் பயந்து இன்னும் பரவியது. பெண்களுக்கு மிக நன்றாக வேலை செய்கிறது. நடுவயது தாண்டிய ஆண்களுக்குத் தைராய்டு குருத்தெலும்பு (சுரப்பி அல்ல, குரல்வளையின் முன்பக்கக் கவசம்) சுண்ணாம்பேறி நிழல் அடிப்பதால் பலரிடம் எதுவும் தெரியாது. தைராய்டு நோயாளிகளில் பெரும்பாலோர் பெண்கள் என்பதால் நமக்கு லாபம்.

செய்யும் விதம்: மல்லாந்து படுக்கவைத்து, தோளடியில் மடித்த துண்டு ஒன்று. ஆபரேஷன் ஆன கழுத்தை அதிகம் நீட்ட வேண்டாம். காயம் கீழே இருக்கும், ப்ரோப் வைக்கும் இடம் அதற்கு மேலே, ஆடம்ஸ் ஆப்பிள் மட்டத்தில்; ஆனாலும் காயத்தின் மேல் ஒட்டும் கண்ணாடி பிளாஸ்டர் போட்டு, கிருமியில்லா ஜெல் பயன்படுத்துங்கள். 7 முதல் 12 மெகாஹெர்ட்ஸ் லீனியர் ப்ரோப், குறுக்காக. ப்ரோப் குறி நோயாளியின் வலப்பக்கம், அப்போது அவருடைய வலது திரையின் இடப்பக்கம் வரும், இ.என்.டி. வீடியோவும் இதுவும் ஒரே திசையில் அமைந்துவிடும். கிரிகாய்டிலிருந்து மெல்ல மேலே நகர்த்துங்கள். மூன்று அடையாளம் தேட வேண்டும்: வெள்ளையாகத் தெரியும் பொய் நாண்கள், அதன் கீழே கருமையாகத் தெரியும் நிஜ நாண்கள், பின்னால் இரண்டு வெள்ளைப் புள்ளியாக அரிட்டினாய்டு குருத்தெலும்புகள் (நாண்களின் பின்முனை இவற்றில்தான் ஒட்டியிருக்கிறது). நாணே தெளிவில்லாவிட்டாலும் அரிட்டினாய்டு இரண்டும் சமமாக அசைகின்றனவா என்பதை வைத்துச் சொல்லிவிடலாம்.

முதலில் சும்மா மூச்சுவிடச் சொல்லிப் பாருங்கள். பிறகு "ஈ...". பிறகு மூச்சைப் பிடித்து முக்கச் சொல்லுங்கள். மூன்றிலும் பத்து விநாடி வீடியோவாகச் சேமியுங்கள். நிற்கும் படம் எதற்கும் உதவாது. வயதான ஆண்களுக்கு அதிர்வெண்ணைக் குறைத்து, கெயினை ஏற்றி, ப்ரோப்பைப் பக்கவாட்டில் குருத்தெலும்பு விளிம்பை ஒட்டிச் சாய்த்தால் சில சமயம் கிடைக்கும். தோலடியில் காற்றுக் குமிழ் இருந்தால் முதல் நாள் படம் கெடும், மறுநாள் வரச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு நிபந்தனை: ஆபரேஷனுக்கு முந்தைய நாள் இதே நோயாளிக்கு இதைச் செய்து, படம் தெரிகிறதா என்று உறுதி செய்திருக்க வேண்டும். முன்பே தெரியாதவருக்குப் பின்னால் அல்ட்ராசவுண்டை நம்பித் திட்டமிட்டால் நேரம்தான் வீண். "தெரியவில்லை" என்பதை "அசைகிறது" என்று எழுதும் சோம்பலையும் பார்த்திருக்கிறோம். அது ரிப்போர்ட்டே இல்லை.

தேயிலைக்காடு

நோயாளி பக்கத்திலிருந்து கேட்கிறேன். மூக்கு வழியாக விடும் அந்த ஸ்கோப் வலிக்குமா? வெறும் வயிற்றில் வர வேண்டுமா? ரத்தம் இளக்கும் மாத்திரையை நிறுத்த வேண்டுமா?

காமூதொ_உதகை

வலி என்று சொல்வதைவிட மூக்கினுள் அழுத்தமும் கண்ணில் நீரும் என்று சொல்லலாம். இரண்டு மூன்று நிமிட வேலை. பட்டினி தேவையில்லை, வயிறு முட்டச் சாப்பிட்ட கையோடு வராமல் இருந்தால் போதும். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், இதற்கு நிறுத்தத் தேவையில்லை. மரத்துப்போகும் மருந்து அடித்திருந்தால் ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் குடிக்கக் கூடாது; சூடான டீ இறங்குவது தெரியாமல் புரையேறும்.

இனி டாக்டர்களுக்கு, ஸ்கோப் எப்படி என்று முழுதாகவே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் தவறு நடப்பது கருவியில் இல்லை, பார்க்கும் விதத்தில்.

நோயாளி நிமிர்ந்து உட்கார்ந்து, தலையைச் சற்று முன்னே நீட்டி, முகர்ந்து பார்ப்பதுபோல. அகலமான மூக்குத் துளையில் 4 சதவீத லிக்னோகெயினும் சைலோமெட்டாசோலினும் நனைத்த பஞ்சை ஐந்து நிமிடம் வையுங்கள். தொண்டைக்குள் ஸ்ப்ரே அடிக்காமலே பெரும்பாலோருக்குச் செய்ய முடியும். அடித்தால் எச்சில் தேங்குவதும் புரையேறுவதும் நோயின் அடையாளமா மருந்தின் விளைவா என்று பிரிக்க முடியாமல் போகும்.

நம் ஊரில் பெரிய தொல்லை லென்ஸ் மூடுபனி. டிசம்பர் காலை ஓ.பி.யில் ஸ்கோப் ஐஸாக இருக்கும், நோயாளியின் மூச்சு வெதுவெதுப்பாக இருக்கும், உள்ளே போனதும் படம் வெள்ளை. நுனியை வெந்நீரில், கை பொறுக்கும் சூட்டில், அரை நிமிடம் பிடித்துத் துடைத்துவிட்டு உடனே நுழையுங்கள். உள்ளே போன பிறகும் மங்கினால் வெளியே இழுக்க வேண்டாம், எச்சில் விழுங்கச் சொல்லுங்கள், நுனி தானாகத் துடைபடும்.

நாணுக்கு மேலே நின்றுகொண்டு இந்த வரிசையில்:

சும்மா மூச்சு, குறைந்தது பத்து விநாடி. கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள், எதுவும் சொல்லாமல்.
நீண்ட "ஈ". "ஆ" சொன்னால் நாக்கடி பின்னே சாய்ந்து மறைக்கும்.
பிறகு "ஈ" சொல்லி, உடனே மூக்கால் சட்டென்று மூச்சை உறிஞ்சச் சொல்லுங்கள். மறுபடி "ஈ", மறுபடி உறிஞ்சல், ஐந்தாறு தடவை. நாணை விரிக்கும் தசை ஒன்றே ஒன்றுதான், அதை முழுதாக வேலை வாங்குவது இந்த உறிஞ்சல். லேசான பலவீனம் முதல் இரண்டு தடவையில் தெரியாது, நாலாவது ஐந்தாவதில் ஒரு பக்கம் பின்தங்கும்.
"ஹீ ஹீ ஹீ" வேகமாக. ஒரு இருமல். தாழ்ந்த குரலிலிருந்து உச்சத்துக்கு இழுத்தல்.

ஏமாற்றும் இடங்கள் இவை. செயலிழந்த பக்கத்து அரிட்டினாய்டும் சற்று அசையும், ஏனென்றால் இரண்டுக்கும் நடுவிலுள்ள தசைக்கு இரு பக்கத்து நரம்பும் வருகிறது. எனவே மூடும் அசைவை மட்டும் பார்த்து "லேசாக அசைகிறது" என்று எழுதாதீர்கள், விரிகிறதா என்பதுதான் கேள்வி. காற்றில் படபடக்கும் தளர்ந்த நாண் இன்னொரு ஏமாற்று, திரைச்சீலை ஆடுவது போல. நாணின் விளிம்பை விட்டுவிட்டு அரிட்டினாய்டைப் பாருங்கள். மூன்றாவது, ஸ்கோப் நுனி சாய்ந்திருந்தால் நல்ல பக்கமும் குறைவாக அசைவதாகத் தெரியும். நாண் சந்திக்கும் முனை திரையின் நடுக்கோட்டில் இருக்கும்படி திருப்பிவிட்டு முடிவு செய்யுங்கள்.

நாண் அசையாவிட்டால் நரம்பு என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதவும் கூடாது. டியூப் போடும்போது அரிட்டினாய்டு மூட்டு நழுவியிருக்கலாம். நரம்புச் செயலிழப்பில் நல்ல பக்கம் வந்து இடிக்கும்போது நின்ற பக்கத்து அரிட்டினாய்டு சற்றுத் தள்ளப்படும். மூட்டு பூட்டியிருந்தால் அந்தத் தள்ளலும் இருக்காது. நழுவிய மூட்டைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் திருப்பி வைக்கலாம், ஆறு மாதம் "நரம்பு எழும்" என்று காத்திருந்தால் அந்த வாய்ப்பு போய்விடும்.

குரற்பயிற்சி_ஊட்டி

எல்லோரும் மீள் நரம்பைப் பற்றியே பேசுகிறீர்கள். தைராய்டின் மேல்முனை ரத்தக் குழாயை ஒட்டி ஓடும் மேல் குரல்வளை நரம்பின் வெளிக்கிளை அடிபட்டால் நாண் நன்றாகவே விரியும், மூடும். ஸ்கோப்பில் "இயல்பு" என்று வரும். ஆனால் நாணை இழுத்து முறுக்கும் கிரிகோதைராய்டு தசை வேலை செய்யாது. சாதாரணப் பேச்சு சரியாக இருக்கும், மேல் ஸ்தாயி வராது, உரக்கக் கூப்பிட முடியாது, மாலையில் குரல் சோர்ந்துவிடும். கொழுந்து பறிக்கும் இடத்தில் ஒரு சரிவிலிருந்து அடுத்த சரிவுக்குக் கூப்பிடும் மேஸ்திரிக்கும், பள்ளி ஆசிரியைக்கும், மார்க்கெட்டில் கேரட் மூட்டைக்கு ஏலம் கூவுகிறவருக்கும் இது பிழைப்புப் பிரச்சினை. "ஸ்கோப் நார்மல், போங்க" என்று அனுப்பினால் அவர்களுக்கு எந்தப் பதிலும் கிடைக்கவில்லை என்று அர்த்தம். அதனால்தான் காமூதொ சார் பட்டியலின் கடைசியில் உள்ள அந்த உச்சத்துக்கு இழுத்தலைத் தவிர்க்கவே கூடாது. வசதி இருந்தால் ஸ்ட்ரோப் விளக்கில் (விட்டுவிட்டு மின்னி நாணின் அதிர்வை மெதுவாகக் காட்டும் விளக்கு) பாருங்கள்.

செலவில்லாத அளவுகள் இரண்டு. ஆழ மூச்செடுத்து "ஆ" என்று முடிந்தவரை இழுக்கச் சொல்லி ஸ்டாப்வாட்ச்சில் பாருங்கள், மூன்று தடவையில் நீண்டது கணக்கு. பெரியவர்களுக்கு 15 விநாடிக்கு மேல் வருவது வழக்கம். 10-க்குக் கீழே என்றால் நாண் இடைவெளியில் காற்று கசிகிறது. இதை ஆபரேஷனுக்கு முன்பே எடுத்து வைத்தால்தான் பின்னால் ஒப்பிட முடியும். இரண்டாவது, அதே நாளில் செல்போனில் ஒரு குரல் பதிவு: பெயர், ஒன்று முதல் இருபது, ஒரு சின்னப் பத்தி. வாயிலிருந்து ஒரு சாண் தூரம், அமைதியான அறை. வீட்டில் படுகு மொழி பேசுகிறவரிடம் தமிழ்ப் பத்தியை வாசிக்கச் சொல்லித் திணறவைக்க வேண்டாம், அவர் மொழியிலேயே பேசட்டும். முன்னும் பின்னும் ஒரே பேச்சாக இருந்தால் போதும்.

விழுங்குவதையும் சேர்த்துப் பாருங்கள். நாண் செயலிழந்தவர் இட்லியைச் சிரமமில்லாமல் விழுங்குவார், தண்ணீருக்கும் டீக்கும் இருமுவார். முதலில் ஒரு ஸ்பூன், பிறகு ஒரு மிடறு. இருமினாலோ, குடித்த பின் குரல் ஈரமாகக் கொழகொழத்தாலோ நிறுத்துங்கள். நின்ற நாண் பக்கம் தலையைத் திருப்பி, மோவாயைத் தாழ்த்தி விழுங்கினால் பலருக்குப் புரையேறுவது குறையும். மாத்திரையைத் தண்ணீருக்குப் பதில் கெட்டித் தயிரோடு.

கத்திமுனை

வெளிக்கிளையைப் பற்றிச் சொன்னது சரி. மேல்முனையை மொத்தமாகக் கட்டாமல், தைராய்டை ஒட்டிக் கிளை கிளையாகக் கட்டுவதுதான் தற்காப்பு.

எல்லோருக்கும் மறுநாள் ஸ்கோப் என்பதை இன்னும் ஏற்கவில்லை. ஆனால் இடத்தைப் பொறுத்து மாற்றிக்கொள்கிறேன். கோவையில் இருந்தால் ஆறு வாரம் கழித்து வருவார். பந்தலூர்க்காரர் வரமாட்டார். அக்டோபர், நவம்பர் மழையில் குன்னூர் மலைப்பாதையில் மண் சரிந்தால் வர நினைத்தவரும் வரமாட்டார். கூடலூரிலிருந்து உதகைக்கு 50 கிலோமீட்டர் ஏற்றம். ராத்திரி மூச்சடைத்தால் 108 வந்து ஏற்றிக்கொண்டு வருவதற்குள் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. மைசூர்ப் பக்கம் போகலாம் என்றால் பந்திப்பூர் வழி இரவு 9 முதல் காலை 6 வரை சாதாரண வண்டிக்கு அடைப்பு. ஆகவே என் திருத்தம்: அனைவருக்கும் டிஸ்சார்ஜுக்கு முன் அல்ட்ராசவுண்ட். அதில் மூன்று அடையாளமும் தெரிந்து இரண்டும் சமமாக அசைந்தால் ஸ்கோப் வேண்டாம். தெரியாதவர், சமமில்லாதவர், குரல் மாறியவர், தண்ணீருக்கு இருமுகிறவர், மானிட்டரில் சிக்னல் இழந்தவர், இவர்களுக்கு ஸ்கோப் பார்க்காமல் வண்டி ஏற்றக் கூடாது.

காமூதொ_உதகை

இதற்கு நானும் சம்மதம். ஒரே ஒரு சேர்க்கை: புற்றுக்காக ஒரு பக்கம் எடுத்து மறுபக்கம் பிறகு எடுக்க இருப்பவருக்கு, அல்ட்ராசவுண்ட் நன்றாக இருந்தாலும் இரண்டாவது ஆபரேஷனுக்கு முன் ஸ்கோப்.

வார்டுபணி_குன்னூர்

நன்றி. ரிப்போர்ட் படிவமும், நாண் நின்றிருந்தால் அடுத்தது என்ன என்பதும் சொல்லிவிட்டால் முடித்துவிடலாம்.

காமூதொ_உதகை

படிவத்தில்: ஆபரேஷன் தேதி, எந்தப் பக்கம், இது எத்தனையாவது நாள். எந்தக் கருவி. நோயாளியின் வலது, இடது தனித்தனியாக: இயல்பு, குறைவு, அசைவில்லை. அசைவில்லை என்றால் எங்கே நிற்கிறது: நடுவில், நடுவை ஒட்டி, விலகி. மூடும்போது இடைவெளி உண்டா, நாண் வில்லாக வளைந்திருக்கிறதா, இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா, பக்கக் குழிகளில் எச்சில் தேங்குகிறதா. வீக்கம், ரத்தக்கட்டு. வீடியோ எண். "வி.சி. மொபைல்" (நாண் அசைகிறது) என்ற இரண்டு சொல் ரிப்போர்ட்டை அறவே ஒழியுங்கள்.

நின்றிருந்தால்: ஆறு வாரம், மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருடம் என்று மறுபடி பாருங்கள். அறுபடாத நரம்பு பெரும்பாலும் சில வாரத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் எழும். ஒரு வருடம் ஆகாமல் "நிரந்தரம்" என்று எழுத வேண்டாம். புரையேற்றம் அதிகமென்றால், அல்லது குரலை வைத்துப் பிழைப்பவரென்றால், ஒரு வருடம் காக்கவைக்காமல் சில வாரத்திலேயே, பின்னால் தானாகக் கரைந்துவிடும் ஊசிமருந்தால் நாணை நடுவுக்குத் தள்ளலாம். ஹயலுரானிக் அமிலம் சில மாதம் நிற்கும், ஜெல்ஃபோம் நாலு முதல் ஆறு வாரம். இதற்கு மேட்டுப்பாளையம் இறங்கிக் கோவை போக வேண்டியிருக்கும், முன்பே எழுதிக்கொடுங்கள். நிரந்தரமானால் குருத்தெலும்பில் ஜன்னல் வெட்டி உள்ளே தள்ளும் தைரோபிளாஸ்டி. கத்திமுனை கவனத்துக்கு: ஆபரேஷன் மேஜையிலேயே நரம்பு அறுந்தது தெரிந்தால் அப்போதே தைத்துவிடுவது நல்லது. நாண் பழையபடி அசையாது, ஆனால் தசை சூம்பாமல் இருப்பதால் குரல் ஓரளவு தேறும்.

வைட்டமின் பி12 மாத்திரை எல்லோரும் எழுதுகிறார்கள். நரம்பு அதனால் சீக்கிரம் எழுகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. குரற்பயிற்சிக்கு அனுப்புவதை விட்டுவிட்டு மாத்திரை மட்டும் எழுதுவதுதான் ஆட்சேபம்.

குரற்பயிற்சி_ஊட்டி

வீட்டுக்குப் போகும்போது இதையும் சொல்லி அனுப்புங்கள்: கிசுகிசுப்பாகப் பேசினால் நாண் ஓய்வெடுக்கும் என்று நினைத்துத் தொண்டையை இறுக்குகிறார்கள், மெல்லிய இயல்பான குரலில் பேசட்டும். தொண்டையைச் செருமிக்கொண்டே இருக்க வேண்டாம். குளிருக்கு அறைக்குள் கரி அடுப்பு வைத்துக் கதவை மூடும் பழக்கத்தை எப்போதும் விடுவது நல்லது, இந்த நேரத்தில் கட்டாயம். புகையில் இருமி இருமியே நாண் வீங்கும்.

ஸ்கோப்_அறை

டெக்னீஷியன் பக்கத்திலிருந்து ஒன்று விடுபட்டிருக்கிறது. ஸ்கோப் பார்க்கிற எண்ணிக்கை கூடப்போகிறது என்றால் கழுவுவது நெறிமுறையில் வர வேண்டும். உபயோகித்த உடனே நுனியைத் துடைத்து, கசிவுச் சோதனை செய்து, நொதிச் சோப்பு நீரில் தேய்த்து, அலசி, அதற்குப் பிறகுதான் ஓ.பி.ஏ. என்ற கிருமிநீக்கிக் கரைசல். அந்தக் கரைசலின் லேபிளில் குறைந்தபட்சம் 20 டிகிரி என்று போட்டிருக்கும். ஊட்டியில் ஜனவரியில் அறையே அதற்கு வெகு கீழே இருக்கும். குளிர்ந்த கரைசலில் எத்தனை நிமிடம் ஊறவைத்தாலும் கணக்கில் சேராது. டிரேயில் ஒரு தெர்மாமீட்டர் போட்டுவையுங்கள். ஹீட்டர் உள்ள அறையில் கரைசலை வையுங்கள், நேரடியாக அடுப்பில் சூடாக்கக் கூடாது. ஒவ்வொரு நாளும் முதல் ஸ்கோப்புக்கு முன் டெஸ்ட் ஸ்ட்ரிப். திறந்து ஊற்றிய கரைசல் 14 நாளுக்கு மேல் வேண்டாம், ஸ்ட்ரிப் அதற்கு முன்பே தோற்றால் அன்றே கொட்டிவிடுங்கள். கடைசியில் நல்ல தண்ணீரில் மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் புதுத் தண்ணீர். அலசாமல் விட்ட ஓ.பி.ஏ. அடுத்தவர் மூக்கில் எரியும், தோலில் சாம்பல் கறை விடும்.

வார்டுபணி_குன்னூர்

எங்கள் அறை இன்று காலை 14 டிகிரி. தெர்மாமீட்டர் வாங்கப் பட்டியலில் சேர்த்தாயிற்று.